பழைய இடம் தேடி வந்த தேனீக்கள்

ஞாயிற்றுக்கிழமை மாதிரி ஒரு பொல்லாத கிழமை கிடையாது. மற்ற நாட்களில் எனக்குப் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. மவுண்ட் ரோட்டில் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை "ஒரு நிமிஷம் சார், லைன்ல இருங்க" என்று சொல்லிச் சொல்லி, யாரையோ யாருடனோ பேசவைத்துவிட்டு நான் விலகிக்கொள்வேன். சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி, சிட்லபாக்கம் வீட்டுக்கு நடந்து வந்து பூட்டைத் திறந்தால் அதோடு பேச்சு முடிந்தது. வார நாட்களில் களைப்பு வந்து காப்பாற்றிவிடும். ஞாயிற்றுக்கிழமை என்னைக் காப்பாற்ற யாரும் இல்லை.

எண்பதுகளின் கடைசி அது. அம்மா போய் ஒரு வருஷம் முடிந்திருந்தது. அண்ணன் நாக்பூரில். "வீட்டை வாடகைக்கு விட்டுட்டு எங்களோட வந்துடு" என்று காரியம் முடிந்த கையோடு சொன்னான். அண்ணி அது காதில் விழாத மாதிரி துணிமணிகளை எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். எனக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது, கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதற்குத் தெருவில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். எல்லாமே உண்மையைவிட சுவாரசியமாக இருந்ததால் நான் எதையும் மறுக்கவில்லை.

தாம்பரத்தில் ஒரு மாதர் சங்கத்தில் பெண்களுக்குத் தேனீ வளர்ப்புப் பயிற்சி, ஞாயிறுதோறும் நடக்கும் என்று ஸ்டேஷன் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். தேனீக்களிடம் எனக்கு எந்த ஈடுபாடும் கிடையாது. "ஞாயிறுதோறும்" என்ற ஒரு வார்த்தைக்காகப் போனேன்.

முதல் நாளே பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் எங்கள் அடுத்த தெருக்காரி. புருஷனுக்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஹார்டுவேர் கடை. வீட்டில் மாமியார், கொழுந்தன்மார், ஓரகத்தி, இரண்டு வீட்டுப் பிள்ளைகள் என்று எந்நேரமும் கூட்டம். தெருவில் பார்த்தால் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான் பழக்கம். எதற்காகத் தேனீ கற்றுக்கொள்ளப் போகிறாய் என்று கேட்டேன். "தேனீயா முக்கியம்? வாரத்துல ஒரு வேளையாவது 'சாப்பிட இன்னா கீது'ன்னு யாரும் கேக்காத எடத்துல போய் உக்காரணும்க்கா" என்றாள். வீட்டில் ஆள் இல்லை என்று நான் வந்திருந்தேன். அவள் ஆள் தாங்கவில்லை என்று வந்திருந்தாள்.

பாடம் எடுத்த மேடம் விவசாயம் படித்தவர், எங்களைவிடச் சின்ன வயது. கரும்பலகையில் ஒரு பெட்டியை வரைந்து அதற்குள் ஒரே ஒரு ராணி, சில நூறு ஆண்கள், ஆயிரக்கணக்கில் வேலைக்காரிகள் என்று எழுதினார். வேலைக்காரத் தேனீக்கள் எல்லாமே அந்த ராணியின் பெண்கள். பிறந்த உடனே அறையைச் சுத்தம் செய்வது, பிறகு புழுக்களுக்கு ஊட்டுவது, பிறகு மெழுகு சுரந்து தேனடை கட்டுவது, பிறகு வாசலில் காவல். வயதான பிறகுதான் வெளியே போய்த் தேனும் மகரந்தமும் கொண்டுவரும் வேலை. நம் ஊரில் வயதானவர்களை உட்காரவைப்போம், அங்கே வெயிலில் துரத்திவிடுகிறார்கள். ராணியாவதற்கென்று தனி முட்டை எதுவும் கிடையாதாம். அதே முட்டைதான். எந்தப் புழுவுக்குக் கடைசிவரை, வேலைக்காரிகள் சுரக்கும் அரசக்கூழை ஊட்டுகிறார்களோ அது ராணி. மற்றதற்கெல்லாம் இரண்டு மூன்று நாளில் அதை நிறுத்திவிட்டுத் தேனும் மகரந்தமும் கலந்து கொடுத்துவிடுகிறார்கள்.

"கல்யாணம் ஆகாத பொண்ணுங்கதான் மொத்தக் குடும்பத்தையும் தாங்குறாங்க" என்று மேடம் வெள்ளையாகச் சொல்ல, இரண்டு மூன்று பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் கரும்பலகையை மிகவும் கவனமாகப் பார்த்தேன். அடுத்த தெருக்காரி தன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, என் தொடையில் மெல்லக் கிள்ளினாள். எங்கள் சிநேகிதம் அந்தக் கிள்ளலில் ஆரம்பித்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆண் தேனீ விஷயம் வந்தபோது வகுப்பே கலகலத்தது. கருவுறாத முட்டையிலிருந்து பிறப்பது ஆண். அதாவது அதற்கு அம்மா மட்டும்தான், அப்பா கிடையாது. "அப்பன் இல்லாமலா!" என்று ஒரு அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அவனுக்குக் கொட்டக் கொடுக்கும் கிடையாது, வேலையும் கிடையாது, வானத்தில் ராணியோடு சேருவது ஒன்றுதான். "எங்க வூட்டுல அது மாதிரி மூணு பேரு கீறாங்க" என்றாள் என் பக்கத்தில் இருந்தவள்.

பயிற்சி முடிந்து ஆளுக்கொரு பெட்டி வாங்கினோம். அவள் பெட்டி மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில். என் பெட்டி கொல்லையில், முருங்கை மரத்தடியில் மதிலை ஒட்டி. எறும்பு ஏறாமல் இருக்க ஸ்டாண்டின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணங்களில் வைத்தேன். கீழே ராணியும் புழுக்களும் இருக்கும் அறை, மேலே தேன் சேர்க்கும் அறை, இரண்டிலும் அடை கட்டுவதற்கு வரிசையாக மரச்சட்டங்கள்.

அந்தப் பெட்டி வந்த பிறகு நான் கொஞ்சம் மாறிப்போனேன். காலையில் காப்பியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விடுவேன். கால்களில் மஞ்சள் மகரந்தத்தை உருட்டி ஒட்டிக்கொண்டு தொப் தொப்பென்று வாசற்பலகையில் வந்து இறங்குவார்கள். ஆபீஸ் விஷயமெல்லாம் அவர்களிடம் சொல்வேன். ஒரு மேனேஜர் தினமும் அவர் மனைவியின் போன் வந்தால் "இல்லைன்னு சொல்லு" என்பார், அதையும் சொல்லியிருக்கிறேன். சாயங்காலம் பெட்டியில் காதை வைத்தால் உள்ளே ஒரே சீராக ஒரு முனகல் கேட்கும். ஆட்கள் இருக்கிற வீட்டின் சத்தம் அது. தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் "தேன் எப்போ கிடைக்கும்?" என்று கேட்டார்கள். ஒருவராவது தேனீ எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

தை மாதக் கடைசியில் ஒருநாள் வேலையிலிருந்து வந்து பார்த்தால் பாதிக் கூட்டம் இல்லை. பயந்துவிடவில்லை. கூட்டம் பெருகினால் பழைய ராணி பாதிப்பேரை அழைத்துக்கொண்டு வேறு இடம் போய்விடும், வீட்டைப் புதிதாய்ப் பிறக்கும் மகளுக்கு விட்டுவிடும் என்று மேடம் சொல்லியிருந்தார். அந்த மகள் ஒரு வாரம் பத்து நாளில் வெளியே பறந்து போய், ஆண்களோடு சேர்ந்து திரும்பி வர வேண்டும். அதன் பிறகு ஆயுசு முழுக்க முட்டையிடும் வேலைதான்.

அந்த நாட்களில் எங்கள் கொல்லைக்கு மேலே போகும் கரண்டு கம்பியில் பச்சை நிறத்தில் மூன்று நான்கு பஞ்சுருட்டான் குருவிகள் வந்து உட்கார ஆரம்பித்தன. பார்க்க அவ்வளவு அழகு. திடீரென்று அம்பாகப் பாய்ந்து காற்றிலேயே ஒரு பூச்சியைப் பிடித்து, கம்பிக்குத் திரும்பி வந்து அதைக் கம்பியில் அடித்து விழுங்கும். என் ராணி எந்த நாளில் கிளம்பினாள், என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது. அப்போது நான் மவுண்ட் ரோட்டில் யாருக்கோ லைன் போட்டுக்கொண்டிருந்திருப்பேன். இன்றைக்கும் அந்தக் குருவியைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சில வாரம் பொறுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்து ஒரு சட்டத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். முட்டை! வெள்ளை நூலைப் பொடியாய் நறுக்கிப் போட்ட மாதிரி. ஒரு அறைக்கு ஒன்று என்றுதான் படித்திருந்தேன், இங்கே இரண்டு, மூன்று, சிலவற்றில் நான்குகூட இருந்தது. நல்ல கைராசிக்காரியாக வந்திருக்கிறாள் என்று பூரித்துப்போனேன். ராணியைக் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் ஆரம்பத்திலிருந்தே எனக்கு ராணி கண்ணில் பட்டதில்லை, அதனால் சந்தேகம் வரவில்லை. மறுநாள் ஆபீஸில் மைசூர்பாகு கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம் "வீட்டில் குழந்தை பிறக்கப் போகிறது" என்றேன். ஒரு நிமிஷம் எல்லோர் முகத்தையும் பார்க்க வேண்டுமே!

அதற்குப் பிறகு பெட்டியில் பெரிய பெரிய தேனீக்களாகப் பிறந்தன. குண்டாக, கறுப்பாக, முகம் முழுக்கக் கண்ணாக. நன்றாகச் சாப்பிட்டு வளர்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் காலையில் வாசற்பலகையில் இறங்குகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். மகரந்தம் வருவது நின்றேவிட்டது. சாயங்காலம் காதை வைத்தால் அந்தச் சீரான முனகல் இல்லை. ஏறி ஏறி இறங்கும் ஒரு சத்தம் கேட்டது.

அடுத்த தெருக்காரியைக் கூப்பிட்டுவந்து காட்டினேன். சட்டத்தை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். மூடியிருந்த அறைகள் எல்லாம் குண்டு குண்டாக எழும்பி, ஒவ்வொரு மூடியின் நடுவிலும் ஊசியால் குத்தின மாதிரி ஒரு துளை இருந்தது. ஆண் தேனீ அறைக்கு மட்டும்தான் அந்தத் துளை. வகுப்பில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். நானும் பார்த்தேன், ஆனால் என் பெட்டியில் பார்க்கும்போது அது எனக்கு ஞாபகம் வரவில்லை.

"அக்கா, இது மொத்தமும் ஆம்பளைங்களா கீதே" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ராணி இல்லக்கா. பொண்ணுங்களே முட்டை வச்சிகினு இருக்குதுங்க" என்றாள்.

உடனே எல்லாம் புரிந்தது. ராணியின் வாசனை பெட்டிக்குள் இருக்கும்வரை வேலைக்காரிகளுக்கு முட்டையிடத் தோன்றாது. அந்த வாசனை போய், புதிதாக ராணியை வளர்க்கப் புழுவும் இல்லாமல் போனால் அவர்களில் சிலர் தாங்களே இட ஆரம்பித்துவிடுவார்கள். அவர்களுக்கு வயிறு குட்டை, அறையின் அடிவரை எட்டாது. அதனால் சுவரில் ஒட்டிவைப்பார்கள், ஒன்றுக்கு நாலாக. ஆணோடு சேராதவர்கள் இடும் முட்டை. எல்லாம் மகன்களாகத்தான் பிறக்கும். ஒருவன்கூட வெளியே போய் ஒரு துளித் தேன் கொண்டுவர மாட்டான். நான் மைசூர்பாகு கொடுத்தது அந்த முட்டைக்கு.

அம்மா போன வீட்டில் கல்யாணமாகாத பெண்கள். இதை எங்கே கொண்டுபோய் ஒப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். ஒப்பிட வேண்டாம். என் துக்கம் அதைவிடச் சாதாரணமானது. அந்தப் பெட்டி ஓய்ந்துவிட்டால் அந்த வீட்டில் உயிரோடு இருப்பது நான் மட்டும்தான். அதை நினைத்துப் பயந்தேன்.

ஆபீஸிலிருந்து மேடத்துக்குப் போன் போட்டேன், எல்லோருக்கும் லைன் போடுகிறவளுக்கு இதுகூட இல்லையா என்ன. புது ராணி கொடுத்தாலும் இந்த நிலையில் ஏற்க மாட்டார்கள், கொன்றுவிடுவார்கள் என்றார். விட்டால் இன்னும் கொஞ்ச நாளில் தானாக அழிந்துவிடும். அல்லது ராணி இருக்கிற பலமான கூட்டத்தோடு சேர்த்துவிடலாம். "ஆனா மேடம், அந்த ராணிக்கும் கொஞ்சம் ஆபத்துதான். யார் சம்மதிப்பாங்க?" என்று அவர் என்னையும் மேடம் என்றே கூப்பிட்டுக் கேட்டார்.

நான் இரண்டு நாள் அடுத்த தெருக்காரியிடம் இதைச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அவளே வந்து, "பெட்டியே கதின்னு உக்காந்துகினு இருந்தா ஆச்சா? இன்னா சொன்னாங்க மேடம்?" என்று கேட்டாள். ஆபத்தையும் சேர்த்துச் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை. "என்னோட பெட்டியில சின்னப் புழு நெறைய கீது. ராணி போனா அதுங்களே வேற ஒண்ணு பண்ணிக்கும். உங்குளுதுக்கு அது கூட இல்லையே. சாயங்காலம் எடுத்துகினு வாங்க, அதை இன்னாத்துக்குப் பேஜாரு பண்ணிகினு" என்றாள்.

வெளியே போனவர்கள் எல்லாம் வீடு திரும்பிய பிறகு வாசலைக் கொசுவலைத் துணியால் அடைத்தோம். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஆடாமல் அசையாமல் தெருவில் தூக்கிக்கொண்டு போனோம். "புது டிவியா?" என்று ஒருவர் கேட்டார். "ஆமா, கலரு" என்றாள் அவள்.

சேர்ப்பதற்கு வேண்டியது ஒரு செய்தித்தாள், அவ்வளவுதான். அவள் பெட்டியின் மூடியைத் திறந்து, மேலே ஒரு தாளை விரித்து, ஊசியால் நாலைந்து துளை போட்டு, அதன் மேல் என் பெட்டியை அடிப்பலகை இல்லாமல் வைத்து மூடிவிட வேண்டும். நேருக்கு நேர் விட்டால் வாசனை வேறு என்று அடித்துக்கொண்டு சாவார்கள். நடுவில் தாள் இருந்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துத் துப்புவார்கள். தாள் கிழிவதற்குள் வாசனை கலந்து ஒரே குடும்பம் ஆகிவிடும். அவள் பழைய பேப்பர் கட்டைப் புரட்டி ஞாயிற்றுக்கிழமைத் தாள் ஒன்றை உருவினாள். மணமகன் தேவை, மணமகள் தேவை பக்கம். "இதைப் போடுவோம்க்கா, சீக்கிரம் சேந்துக்கும்" என்றாள். நான் சிரித்தேன். அம்மா போன பிறகு அவ்வளவு சத்தமாகச் சிரித்தது அன்றுதான். கீழே இருந்து அவள் மாமியார் என்ன ஆச்சு என்று கேட்டார்.

தாள் கரைந்தது. பெட்டி வாசலில் காகிதத் தூள் வந்து விழுந்தது. ராணி பிழைத்தாள், அடுத்த தெருக்காரியே சட்டத்தைத் தூக்கிக் காட்டினாள். நான் முதன்முதலாக ஒரு ராணியைப் பார்த்தது அப்போதுதான். நீளமாக, அவசரம் இல்லாமல் நடந்தாள். அவளைச் சுற்றி நின்றவர்களில் யார் என்னுடையவர்கள் என்று கண்டுபிடிக்க வழியில்லை.

ஆனால் ஒரு விஷயம் மிச்சம் இருந்தது. தேனீ தன் பெட்டியை அடையாளம் வைத்துக்கொள்வதில்லை, இடத்தைத்தான் வைத்துக்கொள்ளும். அடுத்த தெரு என்பது அதற்கு ஒரு தூரமே இல்லை. வெளியே போன கிழத் தேனீக்கள் சில, தேனை நிரப்பிக்கொண்டு பழைய பழக்கத்தில் நேராக என் கொல்லைக்கே வந்துவிட்டன. நான் சாயங்காலம் வந்து பார்க்கும்போது, ஸ்டாண்டுகூட இல்லாத இடத்தில், பெட்டி இருந்த அதே உயரத்தில் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தன. களைத்தபோது மதிலில் ஒட்டி ஒரு கைப்பிடி அளவுக்குக் கூடி உட்கார்ந்தன. அப்படியே விட்டால் பல்லிக்கும் எறும்புக்கும் இரையாகிக் காலைக்குள் செத்துவிடும்.

மனசு கேட்கவில்லை. காலிப் பெட்டி ஒன்றை வைத்துவிட்டால் உள்ளே போய்விடும். நாலு நாள் என்னோடு இருக்கும். ராணி இல்லாமல் அப்புறம் செத்துப்போகும். வைக்கலாமா என்று உண்மையாகவே நினைத்தேன். பிறகு ஒரு எவர்சில்வர் தூக்கை எடுத்துவந்து, மதிலிலிருந்து அவற்றை மெல்ல அதற்குள் வழித்து, மெல்லிய வேட்டித் துணியால் வாயைக் கட்டி அவள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். கையில் தூக்கு முழுக்க அதிர்ந்தது.

மாடியில் அவள் தூக்கைப் பெட்டி வாசலில் சாய்த்து அடியில் இரண்டு தட்டுத் தட்டினாள். உள்ளே இருந்து சிலர் வெளியே வந்து, வாலைத் தூக்கிச் சிறகால் விசிறி வாசனையை வீசினார்கள். இங்கேதான், வா வா என்பதற்கு அதுதான் அவர்கள் பாஷை. என் கிழவிகள் ஒவ்வொருவராக நடந்து உள்ளே போனார்கள். காவல் நின்றவர்கள் தடுக்கவில்லை.

அதன் பிறகு அது தினப்படி வேலையாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் கொல்லை, தூக்கு, அடுத்த தெரு. போன பிறகு அவள் சும்மா அனுப்ப மாட்டாள். டீ வரும். மாமியார் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுவார். பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தில் ஒரு கணக்கு எப்போதும் எனக்காக மாட்டிக்கொண்டிருக்கும். ஒருநாள் அவள் கணவர்கூட, "அக்கா வர்ற நேரம் ஆச்சு, கேட்டைத் தாழ்ப்பாள் போடாதே" என்று சொன்னது வாசல்வரை கேட்டது. காரணம் இல்லாமல் ஒரு வீட்டுக்குப் போகிற பழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. இப்போது என் கையில் காரணம் இருந்தது.

ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டு வந்தன. கைப்பிடி, அரைக் கைப்பிடி, பத்துப் பன்னிரண்டு, நாலு. புது இடத்தைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். நடக்க வேண்டியதும் அதுதான்.

ஒரு சாயங்காலம் யாரும் வரவில்லை. முந்தின ரயிலைப் பிடித்து வந்திருந்தேன். மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முருங்கைப் பூ மட்டும் உதிர்ந்து கிடந்தது. விளக்கு வைக்கிற நேரம் தாண்டியும் யாரும் வரவில்லை. நல்ல செய்திதான், ஒரு உயிர்கூட வீணாகவில்லை, எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொள்ள வேண்டிய தேவையும் இல்லை, யார் பார்க்கிறார்கள்.

முகத்தைக் கழுவினேன். புடவையைச் சரிசெய்துகொண்டேன். காலித் தூக்கை எடுத்து வேட்டித் துணியால் வாயைக் கட்டினேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கேட் தாழ்ப்பாள் போடாமல்தான் இருந்தது. மாடியில் அவள் என் கையிலிருந்து தூக்கை வாங்கினாள். வாங்கிய உடனே அவளுக்குத் தெரிந்திருக்கும். தேனீக்களுக்கு எடை கிடையாது, ஆனால் தூக்கு அதிரும். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தினமும் செய்கிற மாதிரியே குனிந்து துணியை அவிழ்த்து, பெட்டி வாசலில் தூக்கைச் சாய்த்து, அடியில் இரண்டு தட்டுத் தட்டினாள். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தாள்.

"எல்லாம் உள்ள பூட்ச்சுக்கா" என்றாள். துணியை மடித்துத் தூக்குக்குள் போட்டு என்னிடம் கொடுத்தாள். "நாளைக்கும் கொஞ்சம் வரும். எடுத்துகினு வாங்க."

கொண்டுவருகிறேன் என்றேன்.